ஒன்பதாம் வாயிலும் லொரெய்ன் ஸ்டாசியாக்கும்

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் டன்லெவி அவர்களே, வட்டார நகரமன்ற உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் லொரெய்னின் கணவர் ரே அவர்களே, மாநாட்டு வேலிக்குள் நான்கு நாள் அடைபட்டுக் கிடந்து, இன்று பேருந்து பிடித்து வந்திருக்கும் அடுக்ககத்துப் பெரியவர்களே, லொரெய்னின் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் டெஸ்மண்ட் டில்லரி. கட்சியின் தேசிய மாநாட்டுக்காக நம் சிகாகோவில் அமைத்த ஏற்பாட்டுக் குழுவில் பாதுகாப்புப் பிரிவுக்கு நான் தலைவன். பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் லொரெய்ன் ஸ்டாசியாக் எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். அந்த வரிசை தாளில் மட்டும்தான். ஒரு சந்தேகம் என்றால் நான் அவரைத்தான் கேட்பேன்.

நான்கு நாள் திருவிழாவுக்குப் பதினெட்டு மாத உழைப்பு! நான்கு மைல் இரும்பு வேலி எந்தத் தெருவில் எங்கே திரும்ப வேண்டும் என்று நடந்தே அளந்தவர் யார்? லொரெய்ன். ஐம்பது மாநிலப் பிரதிநிதிகளும் தங்கள் விடுதிதான் அரங்குக்கு மிகத் தொலைவில் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தபோது, அத்தனை பேரையும் சிரித்தே பேருந்தில் ஏற்றி அனுப்பியவர் யார்? லொரெய்ன்.

தடைப் பொருள் பட்டியலில் முழு ஆப்பிளும் இருந்தது. யாராவது மேடையை நோக்கி எறிந்துவிடுவார்களாம். முதல் நாளே, வேலிக்குள் குடியிருக்கும் எண்பது வயது விட்பி ஐயாவின் மளிகைப் பையை வாயிலில் நிறுத்திவிட்டார்கள். லொரெய்ன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் கத்தியால் பன்னிரண்டு ஆப்பிள்களையும் நறுக்கிக் கொடுத்தார். நறுக்கிய பழத்துக்குத் தடை இல்லையே! என்னைப் பார்த்து, “டெஸ்மண்ட், உன் பட்டியலை எழுதின மகராசனுக்கும் ஒரு துண்டு எடுத்துட்டுப் போ” என்றார். அந்தப் பட்டியலை எழுதியவன் நான்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிமேல் நான் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

எந்த வாயில் எப்போது திறந்திருக்கும் என்பது எங்கள் தொழிலில் பரம ரகசியம். அந்த அட்டவணையை எண் போட்ட பதினோரு பிரதிகள்தான் அச்சடித்தோம். பன்னிரண்டாவது ஒன்று ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வேண்டும் என்று லொரெய்ன் மூன்று முறை கேட்டார். “வெளியிலேருந்து யாரு உள்ள வந்துருவாங்கன்னே யோசிக்கிற. உள்ள இருக்கிற கிழடுங்களுக்கு நெஞ்சு வலி வந்தா?” என்றார். பிரதி அதிகமானால் ரகசியம் கசியும் என்று மூன்று முறையும் மறுத்தேன். அதன்பின் அவர், ஒன்பதாம் வாயில் எப்போதும் திறந்திருக்கும் என்று நிலையத்துக்கு வாய்மொழியாகச் சொல்லி வைத்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல். வேட்பாளரின் கார்கள் வரும் வழி திடீரென்று மாறியது. ஒன்பதாம் வாயிலை மூடி நான்காம் வாயிலைத் திறந்தோம். பத்தே நிமிடத்தில் பதினோரு பிரதிகளும் திருத்தப்பட்டன. என்ன வேகம்! என்ன ஒழுங்கு! அதே நேரத்தில் அடுக்ககத்தில் லிஃப்ட் நின்றுபோய், அந்த ஆகஸ்ட் வெயிலில் ஐந்தாம் மாடிக்கு ஐஸ் மூட்டை சுமந்து ஏறிய லொரெய்ன், படியிலேயே சரிந்தார். விட்பி ஐயாதான் அவசர எண்ணுக்கு அழைத்தார். ஆறே நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. ஒன்பதாம் வாயிலுக்கு வந்தது.

அங்கிருந்த காவலர் மேல் தவறில்லை. அடையாள அட்டை இல்லாத எவரிடமும் திறந்த வாயில் எதுவென்று சொல்லக்கூடாது என்பது அவருக்குக் கொடுத்த பயிற்சி. பயிற்சி கொடுத்தவரே லொரெய்ன்தான். ஓட்டுநர் கெஞ்சியிருக்கிறார். காவலர் வாக்கிடாக்கியில் அனுமதி கேட்டிருக்கிறார். “இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்று ஒரு குரல் சொல்லியிருக்கிறது. பதினான்கு நிமிடம் போயிற்று. உள்ளே சென்று சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மாநாடு எவ்வித அசம்பாவிதமும் இன்றி நிறைவுற்றது என்று இறுதி அறிக்கை சொல்கிறது. அதை எழுதியவனும் நான்தான்.

ரே, ஐந்து வாரமாக அந்தக் குரல் யாருடையது என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிக் கேட்கிறீர்கள். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ போன்ல உங்க மிஸ்டு கால் ஏழு இருந்துச்சு. அந்த நேரத்துலயும் அவளத் தேடியிருக்கீங்க” என்று நன்றி சொன்னீர்கள். நானும் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குரல் என்னுடையது, ரே. கேட்டுச் சொல்கிறேன் என்றேனே, நான் கேட்கப்போனது லொரெய்னை. ஆம்புலன்ஸ்காரரிடம் வாயிலைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்க ஏழு முறை அழைத்தேன். ஏன் எடுக்கமாட்டேன் என்கிறார் என்று எரிச்சல்பட்டேன்.

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதி சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு சொல்வேன்? அவர் மரணத்தைப் பற்றி நாளைக் காலை நடக்கும் விசாரணையில், இப்போது சொன்னதை என் பெயர் போட்டு எழுதிக் கொடுப்பேன். என்னால் தர முடிந்த உறுதி அது ஒன்றுதான். இப்போது இறங்கி வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன், ரே. நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.