விடாமல் அமுக்குகிறவர்கள்

ஒரே வேலையை இரண்டாம் தடவை செய்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. வீட்டில் சோம்பேறி என்று திட்டினார்கள். மென்பொருள் கம்பெனியில் அதற்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

ஒரு தடவை எழுதிய நிரலை உதிரிபாகமாக்கி வைப்பதுதான் என் வேலை. வேண்டியவர்கள் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். அதில் என் செல்லப்பிள்ளை ஒன்று உண்டு. அடுக்குமாடி லிஃப்டுக்காக எழுதியது. பொடிசுகள் பொத்தானைப் படபடவென்று அமுக்கிவிட்டு ஓடின. லிஃப்ட் வெறுமனே ஏறி இறங்கியது. அப்படி அமுக்கினால் அது குறும்பு, கண்டுகொள்ளாதே. அவ்வளவுதான் அந்தப் பாகம். பிறகு வாசல் மணிகளுக்கும் மாட்டினோம். ஒரு புகார் வந்ததில்லை.

ஒரு ஆஸ்பத்திரி, நோயாளிகள் நர்ஸைக் கூப்பிடக் கட்டிலோர மணி கேட்டது. அதையே எடுத்து மாட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. எங்கள் சோதனைப் பிரிவுப் பெண் மட்டும் மூக்கை நுழைத்தாள்.

"சார், ஒரு தடவ அமுக்குனா மணி அடிக்குது. படபடன்னு அமுக்குனா அடிக்கவே மாட்டேங்குது. மூச்சு முட்டுறவங்க எண்ணிக்கிட்டா அமுக்குவாங்க?"

"ஒரு தடவ அமுக்கப் பழக்குங்கம்மா."

அவளுக்கு நகைச்சுவை உணர்வு போதாது.

சில மாதம் கழித்து மாமனாரை அங்கேதான் சேர்த்தார்கள். தங்கமான மனிதர். பொறுமைக்கும் அவருக்கும் மட்டும் ஏழாம் பொருத்தம். எங்கள் வீட்டுக்கு வந்தால் கதவு திறக்கும்வரை மணியிலிருந்து விரலை எடுத்து எடுத்துக் குத்துவார். கட்டிலோரப் பொத்தானைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் அப்புறம் லிஃப்டுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று என்று இரண்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். உதிரிபாகத் தொழில் அப்படி நடக்காது. மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"அப்பாவ நிதானமா அமுக்கச் சொல்லு."

"அவரா? நல்லா சொன்னீங்க போங்க," என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் நர்ஸ் பார்த்தபோது மாமனாரின் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்ததாம். நான் நிஜமாகவே அழுதேன். பாகத்தில் பிழை இல்லை, எழுதியபடி நடந்துகொண்டது. தெரிந்தே விட்டது நான். கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் மாற்றவில்லையா என்கிறீர்கள். இல்லை. ஓடுகிறதை ஏன் தொட வேண்டும்? இன்று காலை நெஞ்சுவலி என்று மாமியாரையும் அதே வார்டில்தான் சேர்த்திருக்கிறோம்.

மேஜையில் அதிர்வது என் கைபேசிதான். மனைவி. நாம் பேசத் தொடங்கியதிலிருந்து விடாமல் கூப்பிடுகிறாள். அவசரமாக இருந்தால் ஒரு தடவைதான் கூப்பிட்டிருப்பாள்.