புது புஷ் அப்படித்தான்

எனக்குக் கார் பிடிக்காது, சார். பேருந்தில் ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று நினைக்கிற ஆள் நான். ஆனாலும் எங்கள் வீட்டுக் காரின் அடிப்பக்கம் எனக்கு மனப்பாடம். நேற்று உங்கள் நிபுணர் அந்த முன்சக்கரத்தைப் பற்றி விளக்கியபோது நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதெல்லாம் சரி.

அது அப்பாவின் கார். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். பள்ளியை மூடியபோது மற்ற வண்டிகளை விற்றுவிட்டு, இருப்பதிலேயே பழையதான இதை மட்டும் வைத்துக்கொண்டார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகும், தினமும் சாயங்காலம் அதில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியாக வேண்டும். ஓட்டுவது நான். கட்டிலிலிருந்து தூக்கி, துடைத்து, உடை மாற்றி, சக்கர நாற்காலியில் வைத்து, நாற்காலியிலிருந்து காருக்கு மாற்றி, திரும்பி வந்ததும் அத்தனையையும் தலைகீழாக மறுபடி செய்ய வேண்டும். பக்கத்து இருக்கையில் சாய்ந்ததுமே ஆரம்பித்துவிடுவார். கிளட்ச்சை மெதுவாக விடு. கண்ணாடியைப் பார். எனக்குத் தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் பயிற்சி மாணவிதான்.

அப்புறம் அந்தச் சத்தம்.

“அடியில டொக் டொக்குங்குது. புஷ் போயிடுச்சு. உனக்குக் காதே இல்லையா?”

சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்துவைக்க ஓர் இரும்புக் கை இருக்கும். அது உடம்போடு சேரும் மூட்டில் இருக்கிற ரப்பர் உருளைதான் புஷ். குழியில் விழுகிற அடியை எல்லாம் சத்தம் போடாமல் வாங்கிக்கொள்வது அது. முதல் தடவை அப்பா சொன்னது உண்மை. ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தெருமுனை மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அப்பா சொன்னார், “மாத்தவே இல்ல. உன்னை ஏமாத்திட்டான்.”

மறுபடி எடுத்துப் போனேன். அதற்கப்புறமும் போனேன். கடைசியில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, “அக்கா, எல்லாமே புதுசு. பெரியவரை வீட்ல விட்டுட்டு நீங்க தனியா ஒரு சுத்து ஓட்டிப் பாருங்களேன்” என்றார். ஓட்டிப் பார்த்தேன். வண்டி பூனை மாதிரி போனது. அதை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அன்று முழுக்க ஊட்டிய சோற்றை என் மேலேயே துப்பினார்.

கண்ணெதிரே செய்தால் நம்புவார் என்று நானே அந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அவரை வாசலில் உட்காரவைத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, பழைய புஷ்ஷை இழுத்தெடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை ஏற்றுவேன். இதில் ஒன்று முக்கியம். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, புஷ்ஷின் நடுவே போகிற போல்ட்டின் நட்டை முழுக்க இறுக்கிவிடக் கூடாது. விரலால் முறுக்கி நிறுத்திவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அந்தக் கடைசி இறுக்கை மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். நான் அதை ஒருபோதும் மறந்ததில்லை.

தம்பி வெளிநாட்டில் இருந்தான். நல்ல பிள்ளை. போன் செய்யும்போதெல்லாம் “அப்பாவைப் பாத்துக்கோக்கா” என்பான். அவன்மேல் எனக்குப் பொறாமை, கோபம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். கோபப்படத் தெம்பு வேண்டும், சார்.

இந்தத் தடவை மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அன்று காலை நான் மறுபடியும் புஷ் மாற்றி, வண்டியை அப்போதுதான் தரையில் இறக்கியிருந்தேன். ஸ்பேனர் கையில் இருந்தது.

“சாவியைக் குடுக்கா, ஒரு சுத்து ஓட்டிப் பாக்குறேன்.”

“இருடா, இன்னும் ஒரு நட்டு இறுக்கணும்.”

“தெருமுனை வரைக்கும்தானே, மெதுவாப் போறேன்.”

“அவன் ஓட்டட்டும்” என்றார் அப்பா. தூக்கி உட்காரவைத்தேன்.

போய்த் திரும்பினார்கள். வாசலில் நின்ற எனக்கே கேட்டது. டொக், டொக். இத்தனை காலத்தில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஒரு சத்தம் அன்றுதான் வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

“பாத்தியா? சத்தமே இல்ல. ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டினா வண்டி பேசாம வரும்.”

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கேயாவது உட்கார வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

தம்பி இறங்கி வந்து தணிந்த குரலில் கேட்டான். “கீழ ஏதோ டொக்குங்குதேக்கா? அப்பாவை அப்படியே மலைமேல கூட்டிட்டுப் போலாம்னு பாத்தேன்.”

“புது புஷ் அப்படித்தான். கொஞ்ச தூரம் ஓடினா படிஞ்சிடும்.”

“நீ சொன்னா சரி. நீயும் வாயேன்.”

“நீங்க போயிட்டு வாங்க. நான் கொஞ்சம் படுக்குறேன்.”

மகளைக் கூப்பிட அவன் உள்ளே போனான். நான் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தேன். இறுக்கத்தான் குனிந்தேன். ஆனால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். நட்டு விரலுக்கே கழன்று வந்தது. சமதளத்தில் அந்த போல்ட் நட்டு இல்லாமலும் கொஞ்ச தூரம் நிற்கும். வளைவுகளில்தான் நகர ஆரம்பிக்கும், அப்புறம் சக்கரத்தைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது. மலைப்பாதை முழுக்க வளைவு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள்.

குழந்தை பின்னால் ஏறினாள். அவளுக்கு பெல்ட்டை நான்தான் மாட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். அப்பாவின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். தெரு திரும்பும்வரை தம்பி கையாட்டிக்கொண்டே போனான். உள்ளே வந்து படுத்தேன். அப்படி ஒரு தூக்கம். உங்கள் ஆட்கள் கதவைத் தட்டியதுகூட வெகுநேரம் காதில் விழவில்லை.

அப்பாவும் தம்பியும் போய்விட்டார்கள். குழந்தைக்கு நினைவு திரும்பிவிட்டதாம், ஆனால் இனி எழுந்து நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னாராம். அவள் அம்மா கிளம்பி வந்துகொண்டிருக்கிறாளாம். பாவம், வேலைக்குப் போகிறவள். ஓர் உடம்பைத் தூக்கவும் திருப்பிப் படுக்கவைக்கவும் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது, சார். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?