குசினிக்கு எட்டாத ரவுட்டர்

அனோஜன்: அந்த ரவுட்டர் பிடிக்கேல்லை எண்டால் விடுங்கோ ஐயா. இந்தா, இது நாலு அன்ரெனா வைச்சது. என்ரை கடையிலை இதுதான் ஆகப் பெரிசு.

நாகேஸ்வரி: நாலு கொம்போ... இவருக்கு ரெண்டு கொம்பு மாட்டையே பிடிச்சுக் கட்ட ஏலாது.

பரமலிங்கம்: நீர் கொஞ்சம் சும்மா இரும். தம்பி, இது எவ்வளவு தூரம் எட்டும்?

அனோஜன்: கண்டாவளையிலை உங்கடை வளவு முழுக்க எட்டும். கிணத்தடியிலை நிண்டும் படம் பாக்கலாம்.

பரமலிங்கம்: அப்ப வேண்டாம்.

அனோஜன்: என்ன ஐயா?

பரமலிங்கம்: இதிலும் குறைஞ்சது இல்லையோ?

அனோஜன்: விலையோ?

நாகேஸ்வரி: விலை இல்லைத் தம்பி. வேலை குறைஞ்சது. கொஞ்சம் சோம்பேறியா... இவரைப் போலை.

அனோஜன்: அம்மா, நான் கடை திறந்த நாளிலை இருந்து ஆரும் சோம்பேறி ரவுட்டர் கேட்டு வந்ததில்லை.

பரமலிங்கம்: தம்பி, என்ரை மகன் வினோதன் சுவிசிலை. வீட்டிலை கமரா பூட்டி விட்டிருக்கிறான். முன்னுக்கு ஒண்டு, பின்னாலை குசினி வாசலிலை ஒண்டு.

அனோஜன்: நல்லதுதானே. கள்ளர் கிள்ளர் வந்தால்...

நாகேஸ்வரி: கள்ளன் வந்து என்னத்தை எடுக்கிறது? இவரின்ரை சாரத்தையோ?

பரமலிங்கம்: அதுக்குள்ளாலை கதைக்கவும் ஏலும் பாரும். முத்தத்திலை நிண்டு ஒரு பீடியைப் பத்தினன். சுவர் கதைக்குது, "அப்பா, அதை எறியுங்கோ" எண்டு.

நாகேஸ்வரி: நான் சொல்லிக் கேக்காத மனுசன். சுவர் சொன்ன உடனை எறிஞ்சவர்.

பரமலிங்கம்: போன கிழமை இடி விழுந்து ரவுட்டர் எரிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகுதான் வீட்டிலை நிம்மதி.

அனோஜன்: பிறகேன் புதுசு வாங்க வந்தனியள்?

பரமலிங்கம்: வாங்காமல் இருக்க விடுவானோ? பழையது குசினி வரைக்கும் எட்டேல்லையாம். இந்தமுறை பெரிசா வாங்கட்டாம்.

அனோஜன்: குசினிக் கமரா வேண்டாம் எண்டால் வயரைக் கழட்டி விடுங்கோவன்.

நாகேஸ்வரி: கழட்டினால் "ஆர் கழட்டினது" எண்டு உடனை போன் வரும். எட்டேல்லை எண்டால் அது சாமானிலை பிழை. எங்களிலை இல்லை.

அனோஜன்: சரி... குசினியிலை அப்பிடி என்னம்மா இருக்கு?

நாகேஸ்வரி: என்ன... நான் சட்டியோடை வைச்சு வழிச்சுச் சாப்பிடுறதை அவன் பாக்க வேண்டாம்.

பரமலிங்கம்: எனக்குச் சீனி வருத்தம். அங்கை போத்திலுக்குள்ளை பனங்கட்டி கிடக்கு.

நாகேஸ்வரி: ஓ... அதுதான் குறைஞ்சு குறைஞ்சு போகுது.

அனோஜன்: ஐயா, உங்கடை போன் அடிக்குது.

பரமலிங்கம்: அவன்தான்... ஓம் வினோத், சொல்லு.

வினோதன்: அப்பா, கடையிலையோ நிக்கிறியள்? நாலு அன்ரெனாவிலை குறைஞ்சது எடுக்காதேங்கோ. குசினிப் பக்கம் எனக்கு வடிவாத் தெரிய வேணும்.

பரமலிங்கம்: அங்கை உனக்கென்ன பார்வை?

வினோதன்: தேனுகா பின்பக்கத்தாலை வந்து போறாளாம் எண்டு ஒரு கதை. உண்மையோ?

நாகேஸ்வரி: ஆர்... ஆர் சொன்னது?

வினோதன்: அம்மாவும் பக்கத்திலையோ? அம்மா, என்ரை தங்கச்சி எண்டு பாக்கேலாது. அந்த ஆக்களுக்கை கலியாணம் முடிச்சுப் போனவள் எங்கடை கோப்பையிலை சாப்பிடக் கூடாது.

பரமலிங்கம்: நான் உயிரோடை இருக்கேக்கை அவள் என்ரை படலையைத் தாண்டுவாளோ? கலியாணத்தண்டே சொன்னனான்தானே. வை போனை.

அனோஜன்: அப்ப... நாலு அன்ரெனாவையே சுத்தவோ ஐயா?

நாகேஸ்வரி: சுவிசிலை ஊர் உலகத்தின்ரை கோப்பை எல்லாம் கழுவுறான். அதிலை ஆர் ஆர் சாப்பிட்டது எண்டு விசாரிச்சுத்தான் கழுவுறானாக்கும்.

பரமலிங்கம்: கடைக்காரத் தம்பிக்கு முன்னாலை என்ன கதை இது?

நாகேஸ்வரி: தேப்பனும் மகனும் ஒரே அச்சு. எடுங்கோ, நாலு கொம்பையே எடுத்துக்கொண்டு வாங்கோ.

பரமலிங்கம்: தம்பி, அந்த மூலையிலை தூசி பிடிச்சுக் கிடக்கிறது என்ன?

அனோஜன்: அது பழைய மொடல் ஐயா. ரெண்டு சுவர் தாண்டினால் செத்துப்போகும். உங்கடை குசினி வீட்டோடை சேந்ததோ?

பரமலிங்கம்: இல்லை, பின்னாலை தனியக் கட்டினது.

அனோஜன்: அப்ப அங்கை ஒரு துளியும் வராது.

பரமலிங்கம்: அதைச் சுத்தித் தாரும். மகன் எடுத்துக் கேட்டால், கடையிலை இதுதான் ஆகப் பெரிசு எண்டு சொல்லோணும்.

அனோஜன்: அதுக்கென்ன ஐயா, சொல்லுறன்.

நாகேஸ்வரி: இஞ்சேருங்கோ... அவனுக்கு அப்பிடிச் சொல்லிப்போட்டு, இதையோ எடுக்கிறியள்?

பரமலிங்கம்: பனங்கட்டி எண்டு சொன்னனானெல்லே.

நாகேஸ்வரி: என்னைப் பேய்க்காட்டாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ.

பரமலிங்கம்: கமக்காரர் சங்கத்திலை கூட்டம் மாசத்துக்கு ஒருக்காத்தான் நாகேஸ். நான் ஒவ்வொரு வியாழனும் உம்மட்டைக் கூட்டம் எண்டு சொல்லி வெளிக்கிட்டு, வாய்க்கால் கட்டிலை வெய்யிலுக்கை குந்திக்கொண்டு இருக்கிறனான். எங்கடை பிள்ளைத்தாச்சிப் பெட்டை பயப்பிடாமல் இருந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும் எண்டுதான்.