பொத்தான்களுக்கு அடியில் போன எச்சரிக்கை

நர்ஸம்மாவின் இரங்கல் கூட்டத்துக்கு வந்து மேடையில் வீற்றிருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, நம் புகை ஒழிப்புக் குழுவின் செயலாளர் அவர்களே, மார்பு நோய் வார்டில் நர்ஸம்மாவோடு தோளோடு தோள் நின்ற செவிலியர்களே, அவருடைய வீட்டுக்காரரே, மகளே, அக்கம்பக்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசையில் கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கும் வளையத் தம்பிக்கும் வணக்கம். இ-சிகரெட்டை இழுத்து வாயால் வளையம் வளையமாகப் புகை விட்டு, அதை வீடியோவாகப் போட்டே ஊரறிந்த பிள்ளையானவர். அவர் வந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். பார்த்தேன்.

"ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா, பழசக் கிளற வேண்டாம்" என்று சொல்லித்தான் செயலாளர் என்னிடம் மைக்கைக் கொடுத்தார். நல்ல வார்த்தை சொல்லத்தான் வந்தேன். ஆனால் நர்ஸம்மாவைப் பற்றி நல்லது சொல்லத் தொடங்கினால் நம்மைப் பற்றிய சங்கதிகளும் கூடவே கிளம்பி வருகின்றன. அதற்கு நான் என்ன செய்யட்டும்?

எப்படிப்பட்டவர் நம் நர்ஸம்மா? வார்டில் ஒரு கட்டில் காலியானால், விரிப்பு மாற்றியவுடன் முதலில் அதில் அவரே படுத்துப் பார்ப்பார். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அதைப் பார்த்து, "என்ன சிஸ்டர், தூக்கமா?" என்று கேலி செய்தார். "நோயாளி தலைய வெக்கிற எடத்துல நாமளும் தலைய வெச்சுப் பாத்தாத்தான் டாக்டர், விளக்கு கண்ணக் குத்துதா, ஃபேன் காத்து மேல படுதான்னு தெரியும். நீங்களும் படுத்துப் பாருங்க" என்றார் நர்ஸம்மா. அந்த டாக்டர் படுக்கவில்லை. ஆனால் மறுநாளே விளக்கை மாற்றச் சொன்னார்.

அந்த வார்டுக்குத்தான் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் மூச்சுத் திணறி வந்து சேர்ந்தாள். பையைக் குடைந்தபோது பளபளவென்று ஒரு குழல் வந்தது. அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பேனான்னு நெனச்சேன் சிஸ்டர். ரீஃபில் வாங்கித் தரட்டுமான்னு நானே கேட்டேன்." அந்தப் பெண்ணோ, "சிகரெட் இல்ல சிஸ்டர், வெறும் பழ வாசனைதான். வீடியோல அந்த அண்ணன் தெனமும் ஊதுறாரு, அவருக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள். பிழைத்துக்கொண்டாள். படியேறினால் இன்னும் மூச்சு வாங்குகிறதாம்.

நர்ஸம்மா நம் குழுவுக்கு வந்தார். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை இருக்கிறதே, இந்த வீடியோக்களில் ஏன் இல்லை என்று கேட்டார். "இன்டர்நெட் முழுக்க ஊசி போடப் போறீங்களா சிஸ்டர்?" என்றார் பெரிய டாக்டர். அறையே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று இப்போதும் என்னால் விரல் நீட்ட முடியும். நீட்டவில்லை. துக்கத்துக்கு வந்த இடம்.

நர்ஸம்மா இன்டர்நெட் முழுவதற்கும் போகவில்லை. நேராக வளையத் தம்பியின் அறைக்குப் போனார். செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, செங்குத்தான இரும்புப் படி. உள்ளே ஊதா விளக்கு, சுவரெல்லாம் ஸ்பாஞ்சு, ஒரே ஒரு நல்ல நாற்காலி. அந்த முதல் தடவை நானும் கூட இருந்தேன்.

"ஆன்ட்டி, நான் யாரையும் ஊதச் சொல்லலையே."

"நீ சொல்லவே வேண்டாம்ப்பா. அவ்வளவு அழகா ஊதிக் காட்டுறியே, அது போதாதா?"

"எச்சரிக்கை போட்டா எவன் ஆன்ட்டி என் வீடியோவப் பாப்பான்?"

"பெட்டி மேல புண்ணு வந்த வாயைப் போட்டிருக்கான். கடைக்காரன் கடைய மூடிட்டானா? ஒரு வரி போடு. பாக்கறவன் தெரிஞ்சு பாக்கட்டும்."

தம்பி என்னைப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில், "சரி ஆன்ட்டி, போட்டுடறேன். இவங்கள மட்டும் இன்னொரு வாட்டி கூட்டிட்டு வராதீங்க" என்றார்.

சொன்னபடி போட்டார். இதே மண்டபத்தில் பெரிய திரை கட்டிப் பார்த்தோம். 'இதில் நிகோட்டின் உண்டு. அடிமையாக்கும். நுரையீரலைக் கெடுக்கும்.' திரையின் அடிப்பகுதியில் வெள்ளை வெளேரென்று எழுத்து. கை தட்டினோம், டீ குடித்தோம், போட்டோ எடுத்தோம். ஊசி ஜோக் சொன்னவர் நடுவில் நின்றார். நர்ஸம்மா ஓரத்தில் நின்றார். பத்திரிகையில் வந்தபோது அவருடைய தோள் மட்டும் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த பெண் கையிலிருந்த போனில் அதே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். எச்சரிக்கையைக் காணோம்.

"கீழ என்னம்மா எழுதியிருக்கு?"

"கீழயா? அவரு பேரு ஆன்ட்டி."

போனில் வீடியோ ஓடும்போது, அடியில் தானாகவே வந்து உட்காருமே: போட்டவர் பேர், பாட்டின் பேர், பகிர்கிற பொத்தான். அவ்வளவும் அந்த வரியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. எழுத்து உள்ளே இருக்கிறது, கண்ணுக்கு இல்லை. குழுவில் இத்தனை படித்தவர்கள், படிக்காதவர்கள். எல்லோரும் இந்தப் பொத்தான்கள் எதுவும் வராத பெரிய திரையில் பார்த்தோம். பிள்ளைகள் உள்ளங்கையில் பார்க்கிறார்கள் என்பது ஒருவருக்காவது உறைத்ததா?

நர்ஸம்மா வந்து சொன்னார். வரியை நடுவுக்கு ஏற்ற வேண்டும், பழைய வீடியோக்களிலும் ஏற்ற வேண்டும் என்றார். செயலாளர் நெளிந்தார். "அறிக்கை போயாச்சு, போட்டோ வந்தாச்சு. இப்பப் போய் எழுத்தே தெரியலன்னு சொன்னா, நம்ம மூஞ்சிய எங்க கொண்டு வெக்கிறது சிஸ்டர்?" அத்தனை பேரும் டீ கிளாசைப் பார்த்தோம். நர்ஸம்மா ஒரு சுற்று எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பையை எடுத்தார். "பரவால்ல, நானே போய்க்கிறேன்."

போனார். முட்டி வலியோடு அந்த இரும்புப் படியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். "அடுத்த வீடியோல ஏத்திடறேன் ஆன்ட்டி" என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அடுத்ததும் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. வரி ஏறவில்லை. "கெட்ட பையன் இல்லக்கா, சோம்பேறி. அவ்வளவுதான்" என்பார் என்னிடம். அவருக்கு இருந்த மனசு எனக்கு இல்லை. அவருக்கு யார் மேலும் கோபம் நிற்காது. எனக்கு நிற்கும், நன்றாக நிற்கும்.

ஆனாலும் இன்று என் மனதை அரிப்பது கோபம் அல்ல. ஒருவராவது அந்தப் படியில் அவர் கையைப் பிடித்திருக்கக் கூடாதா? 'எங்கள் கைதட்டல் தப்பு' என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, நாம் வெளியே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் போட்டோவில் நின்றவர்களுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியிருக்கும். அதைவிட என்ன குறைந்திருக்கும்?

நெஞ்சு வலி என்று அவரைக் கொண்டுபோனது, அவர் வேலை பார்த்த அதே கட்டடத்துக்கு. கூட இருந்தவர் வீட்டுக்காரர். வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். நேற்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

கண் திறந்ததும் நர்ஸம்மா கேட்டாராம், "ஏத்திட்டானா?"

இவர், "ஏத்திட்டான்" என்று சொல்லிவிட்டார்.

"எந்த போன்ல பாத்தீங்க?"

"உன் போன்லதான். நடுவுல, பெருசா இருக்கு."

"பழசுலயும்?"

"பழசுலயும்."

சரி என்று கண்ணை மூடிக்கொண்டாராம். அதோடு சரி. "வாழ்நாள்ல அவகிட்ட நான் பொய் சொன்னதில்லக்கா. போற நேரத்துல சொல்லிட்டேன்" என்று அந்த மனிதர் உடைந்து போனார்.

எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் நர்ஸம்மாவின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். இனி எந்த வீடியோவின் எச்சரிக்கையையும் இந்தக் குழு பெரிய திரையில் பார்த்துக் கை தட்டாது. ஒரு பிள்ளையின் கையில், சின்ன போனில், ஓடுகிற பஸ்ஸில் பார்க்கும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று அறிக்கையிலேயே எழுதும். செயலாளர் தலையாட்டுகிறார். நான் மறக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது முன்வரிசையில் இருக்கிற இவரைப் பாருங்கள். மனைவியிடம் பொய் சொன்ன பாரத்தோடு இவரை இன்று வீட்டுக்கு அனுப்பலாமா? சொன்னதை மெய்யாக்க வேண்டியது இவரா, நாமா? கூட்டம் முடிந்ததும் நாம் எல்லோரும் அந்த இரும்புப் படி ஏறுகிறோம். பெரிய டாக்டரும் வருவார். ஒவ்வொரு வீடியோவாக, பழசிலிருந்து, வரி நடுவுக்கு ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம். நர்ஸம்மாவின் போன் இவர் சட்டைப் பையில் இருக்கிறது. அதில்தான் பார்க்கப்போகிறோம்.

வளையத் தம்பி, அறைச் சாவி கையில் இருக்கிறதா?