கடல் இடக்கைப் பக்கம்

இலங்கையைச் சுற்றிவர ஒன்பது நாள் போதும். பத்து நாள் வேண்டும் என்பவர்கள் தேநீர்க் கடைகளில் அதிக நேரம் குந்தியிருப்பவர்கள். கல்முனையில் விடியச் சுபஹு தொழுதுவிட்டுத் தெற்கே இறங்க வேண்டும். பொத்துவில், மொனராகலை, திஸ்ஸ, அம்பாந்தோட்டை, காலி, கொழும்பு, புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பிறகு வீடு. இப்படிப் போனால் கடல் எப்போதும் இடக்கைப் பக்கம் வரும். ஓட்டுகிறவர் வலப்பக்கம் இருப்பார், ஆகவே முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முழுக் கடலும். மட்டக்களப்புப் பக்கமாகத் தொடங்கினால் வழி முழுக்க லொறிகளைப் பார்த்துக்கொண்டு வரலாம். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் விளங்குவதில்லை.

மகள் சுலக்சனா, நேற்று நீங்கள் பொலிஸிலிருந்து விசாரிக்க வந்தபோது நடந்ததை வாயால் சொல்லச் சொன்னீர்கள். இருபத்தெட்டு வருடம் புவியியல் படிப்பித்த எனக்கு எழுதித் தருவதுதான் இலகு. உங்களோடு வந்த ஆண் பொலிஸ்காரரை வெளியே நிற்க வைத்தீர்கள், அதற்கு நன்றி. நான் இத்தாவில் இருக்கிறேன். புருசன் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருப்போம், அந்நிய ஆண்களோடு தேவையில்லாமல் கதைக்க மாட்டோம். பக்கத்துப் பாண்டிருப்பில் பிறந்த உங்களுக்கு இது தெரியாததல்ல. எனக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

என் பயணக் குறிப்புக் கொப்பியை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். பரவாயில்லை, அதில் இருப்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

என் புருசன் முகைதீன்பாவா என்னைக் கலியாணம் முடித்து ஒரு கிழமை இருக்கும். கரும்பலகையில் கீறுவதுபோலக் கையெடுக்காமல் ஒரே கோட்டில் ஒரு தாளில் இலங்கைப் படம் கீறினேன். எட்டிப் பார்த்தார். "இந்தக் கோட்டாலயே ஒன்ன ஒருக்காச் சுத்திக் கூட்டிப் போறன், லைலா" என்றார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது யுத்தம். அந்தக் கோட்டில் பாதி இடத்துக்குப் போக ஏலாது. பிறகு சுனாமி வந்தது. பிறகும் யுத்தம். அது முடிந்து வேன் ஒன்று வாங்கினோம், அவருடைய நெல் மில்லில் வேலை கூடிப்போனது. பிறகு கொரோனா, பிறகு பெற்றோல் வரிசை. இவை எதற்கும் அவரை நான் குறை சொல்லவில்லை. நான் நியாயமான மனுசி. பிள்ளைகள் இல்லாததற்குக்கூட அவரை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

ஆனால் பெற்றோல் வந்தபிறகு மூன்று முறை புறப்பட்டோம். முதல் முறை கோமாரியில் வேனை நிறுத்திச் சட்டைப் பையைத் தடவினார். மில்லின் மோட்டர் அறைச் சாவி பைக்குள் இருந்தது. பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம் என்றேன். "சீச்சீ, சாவிய ஆரு பஸ்ஸில அனுப்புற" என்று வேனைத் திருப்பினார். வழியில் தின்னக் கட்டிய சோற்றுப் பார்சலை எங்கள் வீட்டு மேசையில் வைத்தே தின்றோம்.

இரண்டாம் முறை பொத்துவில் வரைக்கும் போனோம். அங்கே மீராசாஹிபு என்று அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் கண்டுவிட்டார். விடுவாரா? நண்டுக் கறியோடு சோறு. தின்றபின் நித்திரை. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து, "இனி எங்க போற, லைலா? பொத்துவில் கடலப் பாத்தாச்சே. கடல் எல்லா இடத்திலயும் ஒண்டுதான்" என்றார். திரும்பி வரும்போது கடல் வலப்பக்கம் வந்தது. கல்முனை வரைக்கும் எனக்குத் தெரிந்தது அவருடைய காது மட்டும்தான்.

மூன்றாம் முறை இந்த வருடம் பெப்ரவரியில். பொத்துவிலைத் தாண்டி லகுகலைக் குளத்தடியில் அவருக்கு மூச்சு இழுப்பு வந்தது. நெடுநாள் இழுப்புக்காரர். மருந்துப் பம்பை எடுத்து வாய்க்குள் இரண்டு தரம் அடித்தார், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. முகமெல்லாம் தெளிந்துவிட்டது. பிறகு, "அங்கால ஆன நிக்கிது, திரும்புவம்" என்றார். அம்பாறை மாவட்டத்தில் பிறந்து அறுபது வயதாகிய மனுசன், ஆனை நிற்கிறதாம். ஒவ்வொரு முறையும் முந்திய முறையைவிடப் பதினைந்து கிலோமீற்றர் கூடப் போகிறோம். இப்படியே வருடத்துக்கு ஒருமுறை போனால் தீவைச் சுற்றி முடிக்க இன்னும் தொண்ணூறு வருடம் வேண்டும் என்று வேனில் இருந்தே கணக்குப் பார்த்தேன்.

அந்தக் கிழமைதான் கொப்பியில் கீறியிருந்த படத்தின்மேல் கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை. கையில் பட்டதை எடுத்து அடியில் வைப்பதுதான் அவர் வழக்கம். மன்னார் இருந்த இடத்தில் ஓட்டை. முழுப் படத்தையும் மறுபடி கீறினேன். எரிச்சல் வந்ததா என்று கேட்டால், வந்தது.

தங்கை நஸ்லியாவின் மகன் ஹாதிக் நன்றாக வேன் ஓட்டுவான், இருபத்தெட்டு வயது. தங்கையின் மகன் எனக்கு மஹ்ரம், நிக்காஹ் கூடாத உறவு, அவனோடு நான் பயணம் போகலாம். அதனால், "நீங்க மில்லப் பாருங்க, நான், நஸ்லியா, ஹாதிக் மூணு பேரும் போயிட்டு வாறம்" என்று கேட்டேன். தன்மையாகத்தான் கேட்டேன்.

"புருசன் உசிரோட இருக்கக்குள்ள பொஞ்சாதி ஊர் சுத்தினா ஆக்கள் என்ன கதைக்கும்?" என்றார். பிறகு சிரித்தார். "நான் மௌத்தானாப் பொறகு சுத்து. அப்ப ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

புருசனின் அனுமதி இல்லாமல் பயணம் போவது எனக்குக் கூடாது. முப்பத்தொரு வருடத்தில் அவரைக் கேட்காமல் தங்கை வீட்டுக்குக்கூட நான் போனதில்லை. இப்போது அவர் வாயாலேயே அனுமதி வந்துவிட்டது. ஒரு நிபந்தனை இருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்பீர்கள், பிரிந்து போயிருக்கலாமே என்று. காதியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஊர் பார்க்க அவரை அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனுசன். அடித்ததில்லை, ஏசினதில்லை. அதோடு பிரிந்தாலும் இத்தா இருக்கத்தான் வேண்டும்.

இனி மன்னார்க் கதைக்கு வருகிறேன், உங்களை இங்கே கொண்டுவந்தது அதுதானே. அங்கே ஒரு தங்குமிடத்தில் அறை சொல்லியிருந்தேன். ஓகஸ்டில் ஒருமுறை போன் எடுத்து உறுதிப்படுத்துவோம் என்று அதை நடத்துகிறவர் சொன்னார். ஓகஸ்டில் நான் எப்படி அந்நிய ஆணோடு போனில் கதைப்பது? அப்போது நான் இத்தாவில் இருப்பேன், தங்கைக்கு எடுங்கள் என்று நஸ்லியாவின் நம்பரைக் கொடுத்தேன். அவரும் எங்கள் மார்க்கத்து ஆள், இத்தா என்றதும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

போன கிழமை நஸ்லியா வந்தாள். நான் கேட்காமலே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ராத்தா, மன்னாரிலருந்து ஒராள் கோல் எடுத்தார். டீச்சர் இத்தாவில இருப்பன் எண்டு சொன்னவ, அதான் உங்களுக்கு எடுத்தன், செப்டெம்பருக்கு ரூம் வேணும்தானே எண்டு கேட்டார்."

"ஓம், வேணும் எண்டு சொல்லு."

"நீங்க எப்ப அவருக்கிட்டச் சொன்ன?"

"ஏப்ரல் இருவது."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். கணக்கில் அவள் எப்போதும் மந்தம். "மச்சான் மௌத்தானது இருவத்தெட்டில எல்லுவா, ராத்தா?" என்றாள்.

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது? எனக்குப் பொய் சொல்ல வராது.

அவள் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனாள். அடுத்த நாள் உங்களிடம் வந்தாள். பின் சீட்டில் இடப்பக்க ஜன்னலை நான் அவளுக்குத்தான் வைத்திருந்தேன்.

அவளுக்கு விளங்காததை உங்களுக்கு விளங்கப்படுத்துகிறேன். இந்தத் தீவுக்கு இரண்டு மழை. ஒன்று தென்மேற்கை நனைக்கும், மற்றது நம்முடைய கரையை. இரண்டுக்கும் இடையில் செப்டெம்பரில்தான் ஒரு சந்து கிடைக்கும். ஒக்டோபரில் இடி, நவம்பரில் நம் தெருவெல்லாம் வெள்ளம். ஆகவே செப்டெம்பர் ஆறு சனிக்கிழமை புறப்பட்டால்தான் சரி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். இத்தா பிறைக் கணக்கில் நூற்றிருபத்தெட்டு நாள். பிறை தெரிவது முன்பின்னாகலாம் என்று மேலதிகமாக இரண்டு நாள், பை அடுக்க ஒரு நாள். ஏப்ரல் இருபத்தெட்டு வந்தது.

ஏப்ரல் கடைசித் திங்கட்கிழமை சொறிக்கல்முனைப் பக்கம் இருக்கிற எங்கள் மில்லில் உமிக் கொட்டிலைத் துப்பரவாக்குவார்கள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு அவர் இழுத்து இழுத்துத்தான் வீட்டுக்கு வருவார். இந்த வருடம் அந்தத் திங்கள் எத்தனையாம் தேதி என்று கலண்டரைப் பாருங்கள். இருபத்தெட்டு. நான் வலிந்து எடுக்கவில்லை, நாள் தானாக வந்து பொருந்தியது.

அவருக்கு இரண்டு பம்ப் இருந்தது. ஒன்று வேனில், மற்றது கட்டிலடி லாச்சிக்குள். அன்று காலை அவர் மோட்டார் சைக்கிளில் மில்லுக்குப் போனபிறகு இரண்டையும் எடுத்து என் பயணப் பையின் அடியில் வைத்தேன். பெப்ரவரியில் எழுதிய சாமான் பட்டியலில் பதினோராவதாக இருக்கிறது: பம்ப் இரண்டு. நேரத்தோடு அடுக்குவது என் பழக்கம்.

அசர் நேரத்துக்கு வந்தார். தலை, புருவம் எல்லாம் உமித்தூசி. படியேறும்போதே நெஞ்சு விசிலடித்தது. நாற்காலியில் குனிந்து இருந்துகொண்டு, "லைலா, பம்ப்" என்றார்.

"தேடுறன்" என்றேன். தேடினேன். லாச்சியைத் திறந்து பார்த்தேன். அலுமாரியில் பார்த்தேன். குசினியில், பிரிட்ஜுக்கு மேல் பார்த்தேன். வேனுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்கயும் இல்ல" என்றேன். அது பொய்யில்லை. அங்கே இல்லைதானே. போனைக் கையால் காட்டினார். அது சார்ஜில் கிடந்தது. பாதிச் சார்ஜில் கழற்றினால் பட்டரி பழுதாகும் என்று எனக்கு எத்தனை தரம் ஏசியிருப்பார். ஓட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஏழு நிமிடம். அந்தத் தூரத்தையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தேடி முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. கடைசி நேரத்தில் தேடுவதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து இருந்தேன். கையைப் பிடித்து, கடைசி நேரத்தில் சொல்ல வேண்டிய கலிமாவைச் சொல்லிக் கொடுத்தேன். உதடு அசைந்தது, நான் கண்டேன். எத்தனை பேருக்குப் பொஞ்சாதி பக்கத்தில் இருந்து அப்படிச் சொல்லிக் கொடுக்கக் கிடைக்கிறது? அதற்குப் பிறகுதான் அயல் வீட்டாரைக் கூப்பிட்டேன். இழுப்புக்காரர், உமி துப்பரவாக்கிய நாள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை அடக்கினார்கள். என் புருசன் முகைதீன்பாவாவை மௌத்தாக்கியது நான்தான். வேறு யாருக்கும் தெரியாது, நஸ்லியாவையும் ஹாதிக்கையும் நீங்கள் அலைக்கழிக்க வேண்டாம்.

நேற்றுப் போகும்போது, "டீச்சர், உங்களுக்கு மனவருத்தமே இல்லையா?" என்று கேட்டீர்கள். இருக்கிறது. எப்படி இல்லாமல் இருக்கும்? வேன் உங்கள் பொலிஸ் முற்றத்தில் வெயிலில் நிற்கிறது. நஸ்லியா என் முகத்தைப் பார்க்க மாட்டாளாம். மன்னார்க்காரர் அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்திருப்பார். மூன்று முறை அவர் குழப்பினார், நாலாம் முறை அவர் இல்லாமலும் குழம்பிவிட்டது. இவ்வளவு கவனமாகத் திட்டம் போட்டும் ஒரு போன் நம்பரில் எல்லாம் போய்விட்டதே என்று நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த ஐந்து நாளும் பொறுங்கள். நான் ஓட மாட்டேன், ஓட எனக்கு இடமும் தெரியாது, வரைபடம்தான் தெரியும். பிறகு எந்த ஊர் மறியற்சாலைக்கு அனுப்பினாலும் வருகிறேன். தெற்குப் பாதையால் கொண்டுபோனால் என்னை இடப்பக்கம் இருத்துங்கள். ஆனால் இத்தாவை இடையில் முறிக்க வேண்டாம். நாலு மாதமாக இந்த வாசலைத் தாண்டவில்லை, அத்தர் பூசவில்லை, சுர்மா இடவில்லை, நல்ல சீலை ஒன்று உடுத்தவில்லை. முப்பத்தொரு வருடம் அந்த மனுசனுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. இதிலும் வைக்க மாட்டேன்.