காலடியில் விழுந்த நிழல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் ஒரு பெண்ணின் படத்தை வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்தவர் புதிதாகக் கமரா பழகுகிறவர். மற்றவர் ஸ்ரூடியோ வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர்.

“முகம் தெளிவா விழுந்திருக்கு. ஆனா காலடியில ஒரு ஆம்பிளையின்ர நிழல் கிடக்கு.”

“அது நான்தான். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கவேணும் எண்டு நீதானே சொன்னனீ.”

“பின்னேர வெயில்ல நிழல் நீளும். கொஞ்சம் பக்கமா நிண்டு எடுத்திருக்கவேணும்.”

“பக்கத்துக் காணிக்காரற்ர மகள். சம்பந்தம் பேச எடுத்த படம். ஆரின்ர நிழல் எண்டு கேட்டு மாப்பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்பிப்போட்டினம்.”

“அப்ப வேற ஒண்டு எடுத்துக் குடு.”

“கேட்டனான். அவா வேண்டாமெண்டிட்டா. இதிலயே இன்னொரு படம் கழுவித் தரட்டாம், தான் வைச்சிருக்க. பிழையான படமெண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தன். ஏனெண்டு எனக்கு விளங்கேல்ல.”

பஸ் முரசுமோட்டையில் நின்றது. நான் இறங்கவேண்டிய இடம். இறங்கவில்லை.

சிநேகிதர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப நிழலை வெட்டிப்போட்டுக் கழுவட்டோ?”

“அதை மட்டும் வெட்டவேண்டாமாம்.”