சேர்ட்டு மாற்றியதால் சாகவில்லை அரூஸ் சேர்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் முத்துலிங்கம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, பழைய மாணவர்களே, பெண்கள் பகுதியில் இருக்கும் அரூஸ் சேரின் மனைவி உம்மு குல்சும் ராத்தா அவர்களே, மகள் இன்ஷிராவே, கடைசி வரிசையில் ஒளிந்திருந்து ஃபோன் பார்க்கும் என் சக ஆசிரியர்களே! உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். இந்த அஸீமிடம் மைக்கைக் கொடுத்தால் ஊர்க்கதை முழுக்க வெளியே வந்துவிடும் என்று அதிபருக்குப் பயம். நியாயமான பயம்தான். இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். அதைவிட நன்றாக எனக்கு வருகிற வேலை வம்பு பேசுவது. வத்தேகம சந்தையில் காலையில் நான் விடுகிற கதை பகலுக்குள் பன்வில போய், பின்னேரம் கைகால் முளைத்து என்னிடமே திரும்பி வரும். நானே அதை முதல்முறை கேட்பவன்போல வாய் பிளப்பேன்.

ஆனால் இன்று உங்களைச் சிரிக்கவைக்க நான் வரவில்லை. கோபத்தோடு வந்திருக்கிறேன்.

எங்கள் அரூஸ் சேர் மௌத்தாகி, நம்மைவிட்டுப் போய் ஆறு வாரம். இந்த ஆறு வாரமும் ஊர் என்ன பேசுகிறது? “மகள் சேர்ட்டை மாத்திட்டாளாம். மருந்து அட்டை பழைய சேர்ட்டுப் பையில இருந்திச்சாம். அதனாலதான் மனுசன் போனாராம்.” தேநீர்க் கடையில் இதே பேச்சு. கலியாண வீட்டில் சேர்ந்துண்ணும் சஹன் தட்டைச் சுற்றி இதே பேச்சு. துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெண்மணி இன்ஷிராவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கவலப்படாதீங்க மகள், நீங்க வேணுமெண்டா செஞ்சீங்க?” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாராம். ஆறுதலா அது? அந்தப் பிள்ளை அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பத்து நிமிடம் போதாவிட்டால் அதிபர் மணியடிக்கட்டும். நான் நிறுத்தமாட்டேன்.

முதலில், அரூஸ் சேர் யார்?

பதினோராம் ஆண்டு வகுப்பு விஞ்ஞானத்தில் சுரப்பிகள் சுரக்கும் ஓமோன் பற்றிய பாடம் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் அதை “வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று தாண்டிப்போவார்கள். கூச்சம்! அரூஸ் சேர் அந்தப் பாடத்தை மூன்று வாரம் படிப்பித்தார். முகப்பரு ஏன் வருகிறது, குரல் ஏன் உடைகிறது, காரணமில்லாமல் கோபம் ஏன் வருகிறது என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பெற்றோர் சிலர் முறைப்பாடு கொண்டுவந்தார்கள். அவர்களையும் வகுப்பின் பின்வரிசை வாங்கில் இருத்தி, அவர்களுக்கும் சேர்த்துப் படிப்பித்தார்.

நான் பக்கத்து வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகள் சுவருக்கு அந்தப்பக்கம்தான் காது கொடுப்பார்கள். நானும்தான். அவர் சொல்வார்: “உமிழ்நீருக்குக் குழாய் இருக்கு, வியர்வைக்குக் குழாய் இருக்கு. ஓமோனுக்குக் குழாய் இல்ல. அது நேரா இரத்தத்தில கலந்திடும். யாரும் மௌத்தானா பள்ளிவாசல் ஒலிபெருக்கியில ஜனாஸா அறிவித்தல் செல்றாங்களே, அது ஊருக்கெல்லாம் கேக்கும். ஆனா எழும்பிப் போறது யாரு? சொந்தக்காரன். அப்படித்தான் ஓமோனும். உடம்பு முழுக்கப் போகும். அதுக்குச் சொந்தமான உறுப்பு மட்டும்தான் எழும்பும்.”

இதைவிட நன்றாக எந்தப் பேராசிரியர் சொல்லுவார்?

சுரக்கச் சொல்வது யார், நிறுத்தச் சொல்வது யார் என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு அவர் சஹனைக் காட்டினார். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும்போது சோறு குறைந்தால் பரிமாறுகிறவனைக் கூப்பிடுகிறோம், நிறைந்துவிட்டால் கையை மறித்துக் காட்டுகிறோம் அல்லவா? மூளையின் அடியில் கடலையளவு தொங்கும் கபச்சுரப்பியும் அந்தக் கையைப் பார்த்துத்தான் கொடுக்கும், நிறுத்தும் என்றார்.

பன்வில தோட்டத்திலிருந்து வந்த சுதேஷ் என்ற மாணவனை உங்களில் பலர் அறிவீர்கள். இன்று தபாற்கந்தோரில் வேலை. எட்டாம் ஆண்டில் அவன் ஒரு பாடவேளைக்குள் மூன்று தரம் வெளியே போக அனுமதி கேட்பான். செய்யுள் என்றால் இவனுக்குச் சிறுநீர் வருகிறது என்று வகுப்பைச் சிரிக்கவைத்தவன் நான். கதவுக்கு வெளியே நிற்கவைத்தவனும் நான். அரூஸ் சேர் அவ்வழியாகப் போனார். இராத்திரியில் எத்தனை தரம் எழும்புகிறாய், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று அவனிடம் கேட்டார். அன்றைக்கே பஸ்ஸில் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீரிழிவு; அவனுடைய சதையி இன்சுலின் சுரப்பதை நிறுத்தியிருந்தது. இன்னும் சில நாள் கதவுக்கு வெளியே நின்றிருந்தால் பையனை நாம் இழந்திருப்போம். என் நகைச்சுவைக்கு அவ்வளவு விலை!

திரும்பி வந்த சேர் என்னைத் திட்டவில்லை. “அஸீம், பகிடி விட முந்தி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க” என்றார். அவ்வளவுதான்.

அந்த மனிதருக்கு ஒன்பது வருடத்துக்கு முன் நோய் வந்தது. ஆள் மெலிந்தார், களைத்தார். தோல் கறுத்தது, உள்ளங்கை ரேகைகூடக் கறுத்தது. கொய்யாவுக்கு உப்புத் தொடுகிறவர் உப்புக்குக் கொய்யா தொட ஆரம்பித்தார். ஊர் சும்மா இருந்ததா? சூனியம் என்றது ஒரு கூட்டம். சேர் யாருக்கும் சொல்லாமல் வயல் வாங்கிவிட்டார், வெயிலில் நின்று பார்க்கிறார், அதுதான் இந்தக் கறுப்பு என்றது இன்னொரு கூட்டம். வயல் கதையை விட்டவன் உங்கள் முன்னால் நிற்கிறான்.

உண்மை என்ன? சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன, அதிரீனல் சுரப்பிகள். அவருக்கு அவை செத்துப்போயின. உடம்பு அடிபடும்போதும், காய்ச்சலிலும், வாந்தியிலும் இரத்த அழுத்தம் விழாமல் நம்மைத் தாங்கிப்பிடிப்பது அவை சுரக்கும் கோட்டிசோல். கேட்பாரில்லை என்று தெரியாமல் கபச்சுரப்பி மேலேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கூப்பாட்டின் நிறம்தான் அந்தக் கறுப்பு. காலையும் பகலும் பின்னேரமும் மாத்திரை போட்டால் சாதாரணமாக வாழலாம். வாந்தியெடுத்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போடவேண்டும். இவ்வளவுதான் நோய்.

இவ்வளவையும் எனக்கு அவரே சொன்னார். யாருக்கும் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். உடம்பைப் பற்றி எதையும் மறைக்காதே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்த மனிதர் தன் மாத்திரையை ஆய்வுகூட அலுமாரியில் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஏன்? வீட்டில் ஒரு பெண்பிள்ளை வளர்கிறது. வாப்பாவுக்குத் தீராத நோய், வருத்தம் என்றால் மகளுக்கு வரன் வராது. நோன்பு காலத்தில் அவர் மாத்திரை விழுங்குவதைக் கண்டு, நோன்பு பிடிக்காத மனுசன் என்று கதை கட்டினீர்களே, ஒருவராவது ஏன் என்று கேட்டீர்களா? வைத்தியரும் மார்க்கமும் தந்த சலுகையை நாம் ஒருவருக்கொருவர் தரக்கூடாதா?

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

கடுகஸ்தோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பெயர் அஸ்ஃபர். கலியாணப் பேச்சைக் கொண்டுவந்தவன் நான். காசு வாங்காத தரகன், பிரியாணிக்குத் தரகு செய்கிறவன். சேருக்கு விடியற்காலையிலிருந்தே வயிற்றோட்டம், வாந்தி. விருந்தாளிகள் போனதும் ஊசிக்குப் போவோம் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டு வெள்ளைச் சேர்ட்டுப் போட்டு முன்னறையில் இருந்தார். தேநீர் வந்தபோது அந்தச் சேர்ட்டிலேயே வாந்தியெடுத்துச் சாய்ந்தார்.

வாசலில் நின்றது மாப்பிள்ளை வீட்டாரின் வேன். இன்ஷிரா ஓடிவந்து வாப்பாவின் சேர்ட்டைக் கழற்றி, மினுக்கி மடித்து வைத்திருந்த இன்னொரு சேர்ட்டைப் போட்டுவிட்டாள். நம்மில் யார் வீட்டில் அப்படிச் செய்யமாட்டார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு நல்ல உடுப்புப் போட்டு அனுப்புகிற ஊர் இது. பிள்ளை வாப்பாவின் மானத்தைத்தான் காத்தாள். ராத்தா வேனில் ஏற வந்தார். பெண்கள் விருந்தாளிகளோடு இருங்கள், ஆண்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கதவைச் சாத்தினோம். சாத்திய கை என்னுடையது.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பெண் ஒருவர். சிங்களப் பிள்ளை, எங்களுக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் கேட்டார்: “ஐயாக்கு முந்தி வருத்தம் ஏதும் இருக்கா? பெஹெத்... மருந்து எடுக்கிறதா?”

என் வலப்பக்கம் அஸ்ஃபரின் வாப்பா. இடப்பக்கம் அவரின் தம்பி. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: “ஒண்டும் இல்ல டொக்டர். நல்ல சுகமான மனுசன். திண்டது ஒத்துக்கொள்ளல்ல போல.”

கேட்டீர்களா? தாதியும் ஒருதரம் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். ஊரில் எல்லார் வீட்டு இரகசியத்தையும் கேட்காமலே சொல்லுகிறவன், கேட்டுக் கேட்டும் சொல்லாமல் இருந்த ஒரே இரகசியம் அது! சேலைன் ஏறியது. சேர் கண் திறக்கவில்லை. திரும்பவும் விசாரிக்கிறார்கள், நான் தரையைப் பார்க்கிறேன். நல்ல இடத்துச் சம்பந்தம் குழம்பக்கூடாது என்று பார்க்கிறேன்!

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ராத்தா ஆட்டோவில் வந்திறங்கினார். சேர்ட்டை ஊறவைக்கப்போன இடத்தில் பையில் நோயும் மருந்தும் எழுதிய அட்டையைக் கண்டு, அதோடு ஓடிவந்திருந்தார். அட்டையைப் பார்த்த டொக்டர் அந்த நிமிடமே ஊசியைப் போட்டார். அவர்கள் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள். அந்திநேர மஃரிப் தொழுகைக்கு முன் எல்லாம் முடிந்தது.

ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் ராத்தா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அஸீம், நீங்க டொக்டர்ட்ட செல்லல்லயா? நீங்க போனீங்க எண்டுதானே நான் வீட்டில இருந்தேன்.”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆறு வாரமாகச் சொல்லவில்லை. ஊர் சேர்ட்டுக் கதையைப் பேசியபோது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? சந்தையில் அந்தக் கதையைக் கேட்டுத் தலையாட்டினேன். மகள் இன்ஷிரா, மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை. அட்டை வீட்டில் தங்கியது உண்மை. ஆனால் அதில் எழுதியிருந்த அத்தனையும் தெரிந்த, வாயுள்ள அட்டை ஒன்று வேனில் போனது. அது வாய் திறக்கவில்லை. உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை. இதை இந்தச் சபை கேட்கட்டும், நாளைக்குச் சந்தையில் பரப்பட்டும். பரப்புவதற்கு ஆளில்லாவிட்டால் நானே பரப்புகிறேன், அனுபவம் இருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். ஜனாஸா முடிந்த வாரமே கடுகஸ்தோட்டையிலிருந்து ஆள் வந்தது, இது பரம்பரை வருத்தமா என்று கேட்டு. எனக்கு இரத்தம் கொதித்தது. போன வெள்ளிக்கிழமை அஸ்ஃபர் என்னை அண்ணனாக நினைத்துத் தேடி வந்தார். “அஸீம் நானா, எங்கட வாப்பாக்கு ஏழு வருஷமா இன்சுலின் ஊசி. பொண்ணு வீட்டாருக்கு இதச் செல்ல வேணாம் எண்டு உம்மா வாய மூடி வெச்சாங்க” என்றார். ஆகவே அந்த முன்னறையில் யார் இருந்தார்கள்? அதிரீனலை மறைத்த வீடு ஒரு பக்கம், சதையியை மறைத்த வீடு மறுபக்கம், நடுவில் இனிக்க இனிக்க வட்டிலப்பம்! இதை மேடையில் சொல்லச் சொன்னவர் அஸ்ஃபரின் வாப்பாவே. அதோ, முன்வரிசையில் தலை குனிந்து இருக்கிறார். வந்ததற்காக அவரை மதிக்கிறேன். அந்தச் சம்பந்தம் இனி என்னாகும் என்பது இன்ஷிராவின் முடிவு. அதில் நான் வாய் வைக்கமாட்டேன்.

எதன்மேல் இந்தக் கோபம்? பலாப்பழம்போல வெளியே தெரிகிற வயிற்றைப் பற்றி வெட்கமில்லாத நாம், உள்ளே ஒரு கடலையளவு சுரப்பி பழுதானால் அதைக் குடும்பக் களங்கம் என்று புதைக்கிறோமே, அதன்மேல். சுரப்பிக்கு என்ன சாதி, என்ன குடும்பம்? அது வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது.

அல்லாஹ் அரூஸ் சேரின் மண்ணறையை விசாலமாக்குவானாக. அவருடைய பாடத்தை நடத்த எனக்கு விஞ்ஞானம் தெரியாது. எனக்குத் தெரிந்தது கலியாணம் பேசுவது. இன்று முதல் நான் பேசும் ஒவ்வொரு சம்பந்தத்திலும், சீர் பற்றிய பேச்சுக்கு முன்னால், இரண்டு வீடும் என்ன மாத்திரை போடுகிறது என்று சொல்லவேண்டும். சொல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன், அங்கே என்ன பிரியாணி என்றாலும்.

அடுத்தவனுக்குச் சொல்லுமுன் நான் சொல்லவேண்டும். எனக்குத் தைரொயிட்டுச் சுரப்பி வேலை செய்யாது. பதினோரு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் தைரொட்சின் மாத்திரை போடுகிறேன், விட்டமின் போத்தலுக்குள் ஒளித்துவைத்து. என் மனைவிக்குத் தெரியும். என் மகனுக்குப் பெண் கொடுத்த வீட்டாருக்குத் தெரியாது. அவர்கள் நாலாவது வரிசையில் இருக்கிறார்கள்.

சம்பந்தி, இப்போது தெரிந்துகொண்டீர்கள். எழுந்து போவதென்றால் போகலாம். போகும்போது உங்களுடையதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.